13-ஆம் மாதமும் ‘ஏ/எல்’ பெயரும்

உங்கள் மைகார்டை எடுத்துப் பாருங்கள். 12 இலக்கங்களில் முதல் ஆறு, பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பினாங்கு என்றால் பெரும்பாலும் 07. செபராங் ஜெயாவில் ஒரு கிளினிக் முகப்பில் அவசரத்தில் மாதத்தை 13 என்று தட்டிவிட்டால், அது தவறு என்பது கணினிக்கே தெரிய வேண்டாமா?

அதற்கு வழி உண்டு. தரவுத்தளத்தில் விவரங்கள் அட்டவணையாக, ஆளுக்கு ஒரு வரியாக இருக்கும். எந்த வரி உள்ளே வரலாம், எது கூடாது என்று அட்டவணையிலேயே நிபந்தனை எழுதலாம். எஸ்க்யூஎல் மொழியில் அதற்கு ‘செக்’ என்று பெயர். பொருந்தாத வரியைத் தரவுத்தளம் ஏற்காது.

பலர் இந்தச் சோதனையைத் திரையில் தெரியும் பாரத்தில் மட்டும் வைக்கிறார்கள். அது போதாது என்பேன். எக்செல் கோப்பிலிருந்தும் கைப்பேசிச் செயலியிலிருந்தும் விவரம் உள்ளே வருகிறதே! முன்வாசலில் மட்டும் ஜாகா நின்று என்ன பயன்? மைஎஸ்க்யூஎல் கதை இன்னும் வேடிக்கை. ‘செக்’ எழுதினால் மறுப்பில்லாமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் செயல்படுத்தாது. 2019-இல் வந்த 8.0.16 பதிப்பில்தான் அது உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கியது. அதுவரை காவல் இருக்கிறது என்று நம்பியவர்கள் எத்தனை பேரோ!

ஆனால் நிபந்தனை எழுதுகிறவருக்கு உலகம் தெரிந்திருக்க வேண்டும். நம் பெயர்களையே பாருங்கள். ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ நடுவிலுள்ள சாய்கோட்டைச் சில பாரங்கள் ஏற்பதில்லை. வேறு சில, குடும்பப் பெயர் கட்டாயம் என்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போடுகிறோம். பிறகு வெளிநாட்டு விமான நிலையத்தில் அப்பா பெயரைச் சொல்லி நம்மை அழைக்கிறார்கள்.

மைகார்டு எண்ணில் 13-ஆம் மாதம் கிடையாது. குடும்பப் பெயர் இல்லாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். முதலாவதைத் தடுப்பது சோதனை. இரண்டாவதைத் தடுப்பது அறியாமை. அதனால் கெடுவதும் அந்த அட்டவணைதான். முகப்பில் இருப்பவர் பாவம், வரிசை நீள்கிறதே என்று கட்டத்தில் ஒரு புள்ளியோ, அதே பெயரை இரண்டாம் முறையோ போட்டு நகர்ந்துவிடுவார். நிபந்தனைக்கு அது சரியான வரி. ஆளுக்கோ அது பொய்ப் பெயர்.

கணினி படிக்கும் பிள்ளைகளே, பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள், வெறுமையாக விடாதபடி மட்டும் தடுங்கள், சாய்கோட்டை விட்டுவிடுங்கள். கார்டு எண்ணை எண்ணாக அல்ல, எழுத்தாகவே சேமியுங்கள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் 0-வில் தொடங்குகிறது. எண்ணாகச் சேமித்தால் அந்த 0 காணாமல் போகும்; பிறகு ‘12 இலக்கம் இல்லை’ என்று உங்கள் நிபந்தனையே அவர்களை வெளியே நிறுத்தும்.