உதைக்கும் முன் சிந்திப்போம்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று காலையில் கிளம்ப மறுத்தால் நம் ஊரில் முதலில் நடப்பது என்ன? உதை! ஒருவர் களைத்ததும் இன்னொருவர் உதைப்பார். வழியே போகிற மூன்றாமவர், “பிளக்கை மாற்றுங்கள்” என்பார். நான்காமவர், “காயலான் கடைக்குப் போடுங்கள்” என்பார். ஆராய்பவர் மட்டும் ஒருவரும் இரார். இம்முறை தவறு என்பதும், ஆராய்வதற்கு மீசை தேவையில்லை என்பதும் எங்கள் தாழ்மையான கருத்து.

நாங்கள் அக்காள் தங்கை இருவர். எங்கள் தந்தையார் சிற்றூர்களுக்குச் சென்று தவணை முறையில் சேலை, வேட்டி விற்பவர். அவருடைய கடையே அந்தப் பழைய மோட்டார் சைக்கிள்தான். சென்ற ஆகஸ்ட் மாதம் அதற்கு ஒரு விசித்திரமான நோய் கண்டது. ஒரே உதையில் கிளம்பும். நான்கைந்து கிலோமீட்டர் ஓடியதும் இருமிக்கொண்டு நின்றுவிடும். பத்து நிமிடம் காத்திருந்தால் மறுபடி ஓடும். பிளக்கை மாற்றினோம், காயிலை மாற்றினோம், பயனில்லை. எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று பட்டறையில் சொன்ன தொகை, எங்கள் இருவரின் பள்ளிக் கட்டணத்தைவிட அதிகம். அப்பா வண்டியை விற்றுவிட முடிவு செய்தார். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், “ஒரு ஆண் பிள்ளை இருந்திருந்தால் இதையெல்லாம் பார்த்திருப்பான்” என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எங்களைச் சுட்டது.

மருத்துவன் முதலில் நோயையும் அதன் காரணத்தையும் அறிய வேண்டும், பிறகே மருந்து தர வேண்டும் என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் படிக்கிறோம். இயந்திரத்துக்கும் இதே ஒழுங்குதான். எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: காற்றுடன் கலந்த பெட்ரோல், அதைப் பற்றவைக்கும் தீப்பொறி, அதை உள்ளே இறுக்கும் அழுத்தம். எது இல்லை என்று வரிசையாகப் பார்த்தால் போதும்.

முதலில் பெட்ரோல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா, ரிசர்வுக்குத் திருப்ப வேண்டுமா என்று பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், பல வண்டிகள் இதற்காகவே உதை வாங்குகின்றன! அடுத்து, சிலமுறை உதைத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியைச் சந்தேகிக்கலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டரில் முடியளவு துளையுள்ள ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது அடிக்கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோலே கெட்டுப்போகும். இப்போது பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களுக்கும் அது ஆகாது. ஆகவே குழாயையும் பார்ப்பது நல்லது.

தீப்பொறியைப் பார்க்க, கழற்றிய பிளக்கை அதன் கம்பியில் மாட்டி, உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்து, ஒருவர் உதைக்க வேண்டும். நீலப்பொறி வந்தால் நலம். மங்கிய மஞ்சள் என்றால் ‘பாயின்ட்’ எனப்படும் தொடுமுனைகளில் அழுக்கோ தேய்மானமோ இருக்கலாம். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். எனவே பிளக்கைத் துளையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். இவ்வேலை முழுவதும் திறந்த வெளியில், அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாக, பெரியவர் உடனிருக்கவே செய்ய வேண்டும். கடைசியில், சாவியை அணைத்துவிட்டு, பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடி உதைக்க, காற்று விரலைத் தள்ளினால் அழுத்தம் இருக்கிறது என்று பொருள். எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு இதற்குப் பிறகே வர வேண்டும்.

எங்கள் வண்டி இம்மூன்று சோதனைகளிலும் தேறிவிட்டது! அப்போதுதான் கேட்க மறந்த கேள்வி நினைவுக்கு வந்தது. “அப்பா, இந்தக் கோளாறு வர்றதுக்கு முன்னாடி வண்டியில என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் இல்லையேம்மா. டேங்க் மூடி துருப்பிடிச்சிருந்தது. பெயின்ட் அடிச்சேன், அவ்வளவுதான்.”

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: “எண்ணெய் டின்னுக்கு ஒரே ஓட்டை போட்டா ஒழுங்கா ஊத்துமாடி?”

காற்றழுத்தப் பாடத்தை நாங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்தோம். அம்மா அதை டின்னில் தெரிந்து வைத்திருந்தார். டேங்க் மூடியில் காற்றுப் புக ஒரு சிறு துளை உண்டு. அது அடைத்துவிட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வருவது நின்றுவிடும். காத்திருந்தால் இடுக்குகளில் காற்று மெல்லக் கசிந்து, வண்டி மறுபடி ஓடும். சூடானதும் கெட்டு, ஆறியதும் பிழைக்கும் காயிலும் கண்டென்சரும் இதே போல் நடிக்கும். பட்டறையில் ஏமாந்ததற்குக் காரணம் அதுதான். வேறுபாடு காண வழி ஒன்று: நின்றதும் மூடியைத் திறந்து பார்ப்பது. மறுநாள் வண்டி நின்ற இடத்தில் அப்பா மூடியைத் திறந்தார். ‘உஸ்’ என்றது. சிறிது நேரத்தில் உதைக்க, ஓடியது. ஒரு குண்டூசியால் பெயின்டைக் குத்தி எடுத்தோம். செலவு ஒன்றுமில்லை.

1950-களின் நடுப்பகுதி முதல் சென்னையிலேயே உருவான புல்லட்டும், 1996 வரை மைசூரில் உருவான ஜாவா, யெஸ்டி வண்டிகளும் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின் வந்த வண்டிகளில் கோளாறைக் காட்ட விளக்கு எரிகிறது. பழைய வண்டியில் அவ்விளக்கு இல்லை. ஆனால் பெரும்பாலான பாகங்கள் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகின்றன. அறிவியல் பயில இதைவிட நல்ல நூல் உண்டா?

கியர் வண்டி ஓட்ட உரிமம் பெற எங்களுக்கு 18 வயது ஆக வேண்டும். பிளக்கைத் துடைக்க அந்த வயது தேவையில்லை. தையல் வகுப்பில் நூல் அறுந்தால் ஊசியா, இழுவிசையா, பாபினா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க எங்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். அதே கண்ணும் அதே விரலும்தான் இதற்கும் வேண்டும். ஆகவே மாதம் ஒரு சனிக்கிழமை, கைத்தொழில் வகுப்பில் இயந்திரப் பராமரிப்புக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். பெற்றோரே, வண்டியைக் கழுவும்போது மகளையும் அருகில் அழையுங்கள். சீருடையில் கறை படிந்தால் துவைத்துக்கொள்கிறோம்!

அந்த உறவினர் கிறிஸ்துமஸுக்கு மறுபடி வந்தார். அவருடைய ஸ்கூட்டர் எங்கள் வாசலில் கிளம்ப மறுத்தது. அப்பா உள்ளே திரும்பி எங்களை அழைத்தார். “ஸ்பானரை எடுத்துட்டு வாங்கம்மா” என்றார்.