கடலோடிக்கு வருமுன் காப்பு உண்டா?

நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட வராமல் தடுப்பதே அறிவுடைமை. மாதக்கணக்கில் கடலிலேயே உழைக்கும் கப்பல் தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு உண்டா?

வருமுன் காப்பின் வரலாற்றில் கடலுக்குத் தனியிடம் உண்டு. 1747ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர், ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். ஆயினும் கடற்படை முழுவதற்கும் எலுமிச்சைச் சாறு வழங்க ஆணை பிறந்தது 1795இல்தான். கண்ட உண்மை உழைப்பவனைச் சென்றடைய 48 ஆண்டுகள்!

இன்றும் அந்த இடைவெளி அகலவில்லை. மருத்துவ உதவி என்பதில் நோய்த் தடுப்பும் அடங்கும் என்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. துறைமுகத்தில் தாமதமின்றி மருத்துவரைக் காணும் உரிமையையும் அது அளிக்கிறது. இந்தியாவும் 2015இல் அதனை ஏற்றது. ஆனால் அவ்வுரிமையோடு ‘இயன்ற இடங்களில்’ என்றொரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டகக் கப்பல்கள் சில மணி நேரத்திலேயே சரக்கை இறக்கிவிட்டுப் புறப்படும் இக்காலத்தில், அந்த நிபந்தனையே உரிமையை விழுங்கிவிடுகிறது. 2020இல் பெருந்தொற்றின்போது ஏறத்தாழ 4 லட்சம் கடலோடிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்ததை உலகம் கண்டது.

‘இரண்டாண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை நடக்கிறதே!’ என்பர் சிலர். அது வேலைக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் சோதனை. இரத்த அழுத்தமோ சர்க்கரையோ வெளிப்பட்டால் பிழைப்பு போய்விடுமே என்று அஞ்சுபவர் அதை மறைக்கத்தானே முயல்வார்? மறைத்த நோய் நடுக்கடலில் மாரடைப்பாக வெடித்தால் யார் பார்ப்பது? 100 பேருக்குக் குறைவானோர் உள்ள கப்பலில் மருத்துவர் இருந்தாக வேண்டும் என்று அவ்வுடன்படிக்கை கட்டாயப்படுத்தவில்லை. சரக்குக் கப்பலில் இருப்பவரோ ஏறத்தாழ இருபது பேர்தாம்!

ஆகவே, துறைமுக வாயிலிலேயே கடலோடிகளுக்கென மருத்துவ நிலையம் வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, பல், கண் ஆகியவற்றை அங்கே இலவசமாகப் பார்த்துத் தடுப்பூசியும் போட வேண்டும். சோதனையின் முடிவு தொழிலாளியின் கையில் மட்டுமே தரப்பட வேண்டும். கப்பல் முதலாளிக்குப் போகலாகாது. அச்சம் நீங்கினால்தான் நோய் வெளியே வரும். செலவுக்கு, கப்பல்களிடம் வாங்கும் துறைமுகக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கலாம்.

சென்னையிலும் தூத்துக்குடியிலும் இறங்கும் சரக்கை நுகர்பவர்கள் நாம். அதைச் சுமந்து வருவோரின் உடல்நலத்தில் நமக்கும் பொறுப்பு உண்டு. எலுமிச்சைச் சாற்றுக்குக் காத்திருந்ததுபோல் இதற்கும் அவர்கள் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டுமா?