மின்கம்பத்தில் ஏறும் இளைஞனின் தொழில்தருநர் யார்?

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது 600இற்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. மலையகத்தில் மண்சரிவுகள் குடியிருப்புகளைப் புதைத்தன. மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்து மூதூர்ப் பிரதேச மக்கள் இடம்பெயர்ந்தனர். நாட்டின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. உணவும் குடிநீரும் கிடைக்கத் தொடங்கியதும் மக்கள் எழுப்பிய அடுத்த கேள்வி, “கரண்ட் எப்போது வரும்?” என்பதாகவே இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதிலளித்தவர்கள் அமைச்சர்களோ பொறியியலாளர்களோ மாத்திரமல்லர். சேற்றில் சரிந்து கிடந்த கம்பங்களை நிமிர்த்தி, அறுந்த கம்பிகளை இழுத்துக் கட்டிய லைன்மன்மார்களும் அவர்களது உதவியாளர்களுமே செயலில் பதிலளித்தனர். மின்விளக்கு எரிந்த கணத்தில் அவர்களை நாடு நன்றியுடன் பார்த்தது. ஆனால் அந்த நன்றி அடுத்த மாத மின்பட்டியல் வரும் வரைகூட நிலைப்பதில்லை என்பதே யதார்த்தமாகும்.

க.பொ.த. சாதாரண தரத்துடன் அல்லது உயர்தரத்துடன் கல்வியை நிறுத்திக்கொண்ட இளைஞர்கள் இன்று இத்தொழிலின் வாயிலில் நின்று ஒரு கேள்வியைக் கேட்கின்றனர். மின்கம்பித் தொழிலைக் கற்றால் எதிர்காலம் உண்டா? இதற்கு நேர்மையான பதில் ஒன்றே. வேலை உண்டு, இனிவரும் காலத்தில் அது கூடவும் செய்யும். ஆனால் அந்த வேலையைச் செய்பவனுக்கு உத்தியோகம் உண்டா என்பது வேறு விடயம். இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளியே இங்கு ஆராயப்பட வேண்டியதாகும்.

முதலில் வேலையின் தன்மையை நோக்குவோம். நாட்டின் மின்னோட்டம் 220 மற்றும் 132 கிலோவோல்ற் ஊடுகடத்தல் கோபுரங்கள் வழியாகப் பயணித்து, உபமின் நிலையங்களில் 33 அல்லது 11 கிலோவோல்றாகக் குறைக்கப்பட்டு, பின்னர் தெருவோர மின்மாற்றிகளில் 400/230 வோல்றாக மாறி வீடுகளை அடைகின்றது. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் மனித உழைப்பு தேவைப்படுகின்றது. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு தேர்ச்சியைக் கோருவது. வீட்டுக்கு மின் இணைப்பு வழங்கத் தெரிந்தவர் கோபுரத்தில் ஏறி வடம் இழுக்க முடியாது. கற்கும் இளைஞர் எந்தக் கட்டத்திற்குத் தம்மைத் தயார்படுத்துகின்றார் என்பதிலேயே அவரது வருமானமும் வாழ்க்கை முறையும் பெரிதும் தங்கியுள்ளன.

நாடு முழுவதற்கும் மின்சாரம் வழங்கப்பட்டுவிட்டதாக 2016ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதுவரை பல தசாப்தங்களாகக் கிராமிய மின்மயமாக்கலே இத்தொழிலின் பிரதான களமாக இருந்தது. 2009இல் போர் முடிவடைந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் அழிந்துபோன மின்வலையமைப்பு மீள நிர்மாணிக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான கம்பங்கள் நாட்டப்பட்டன. அந்த அலை ஓய்ந்துவிட்டது. ஆனால் நாட்டப்பட்ட கம்பங்கள் முதுமையடைகின்றன. 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட பாவனையாளர்களுக்கு மின்சாரம் எடுத்துச் செல்லும் கம்பிகள் பராமரிக்கப்பட வேண்டும். சூறாவளிகளும் வெள்ளமும் குறையப்போவதில்லை.

இதற்கு மேலாக, 2030ஆம் ஆண்டளவில் மின் உற்பத்தியில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவது என்ற இலக்கு வகுக்கப்பட்டுள்ளது. காற்றும் வெயிலும் எங்கு அதிகமோ அங்கிருந்துதான் புதிய கம்பிகள் புறப்பட வேண்டும். மன்னாரில் 103.5 மெகாவோற் காற்றாலைத் திட்டம் ஏற்கனவே இயங்குகின்றது. சம்பூரில் 120 மெகாவோற் சூரியசக்தித் திட்டம் 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. ஆகவே அடுத்த தசாப்தத்தின் ஊடுகடத்தல் வேலைகளில் கணிசமான பங்கு தமிழ் பேசும் மக்கள் வாழும் மாவட்டங்களினூடாகவே நடைபெறும். அந்த வேலைகளில் எமது இளைஞர்கள் குழி வெட்டுபவர்களாக மாத்திரம் நிற்பார்களா, கோபுரத்தில் ஏறும் தேர்ச்சி பெற்றவர்களாக நிற்பார்களா என்பது இப்போதே தீர்மானிக்கப்பட வேண்டிய விடயம்.

இந்நிலையில்தான் தொழில்தருநர் என்ற நிறுவனமே உருமாற்றத்திற்கு உள்ளாகியிருக்கின்றது. 1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட இலங்கை மின்சார சபையில் லைன்மனாகச் சேர்வதென்பது நிரந்தர வருமானம், மருத்துவ வசதி, சமூகத்தில் ஒரு மதிப்பு என்பவற்றைக் குறித்தது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமும் 2025இல் அதற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தமும், உற்பத்தி, ஊடுகடத்தல், விநியோகம், முறைமை இயக்கம் ஆகியவற்றை வெவ்வேறு அரசுடைமைக் கம்பனிகளிடம் கையளிக்க வழிவகுத்தன. ஊழியர்களுக்குப் புதிய நிறுவனங்களில் இணைவது அல்லது நட்டஈட்டுடன் சுயவிருப்பின் பேரில் விலகுவது என்ற தெரிவு முன்வைக்கப்பட்டது. 2025 செப்டெம்பரில் தொழிற்சங்கங்கள் சட்டப்படி வேலை செய்யும் போராட்டத்தில் இறங்க, அரசாங்கம் மின்விநியோகத்தை அத்தியாவசிய சேவையாகப் பிரகடனப்படுத்தியது.

இந்த மறுசீரமைப்பு அவசியமா, இல்லையா என்பது தனியான விவாதம். ஆனால் அந்த விவாதம் முழுவதும் ஏற்கனவே உத்தியோகத்தில் இருப்போரின் உரிமைகளைச் சுற்றியே நடைபெற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னமும் உள்ளே வராத இளைஞனுக்காகப் பேசுவதற்குச் சங்கமும் இல்லை, கம்பனியும் இல்லை.

செலவைக் குறைக்க முனையும் எந்த நிறுவனமும் முதலில் செய்வது நிரந்தர ஆளணியைச் சுருக்கி, வேலையை ஒப்பந்தகாரரிடம் கொடுப்பதே. ஒப்பந்தகாரர் உப ஒப்பந்தகாரரிடம் கொடுப்பார். அவர் ஊரில் உள்ள பத்து இளைஞர்களை நாட்கூலிக்குச் சேர்ப்பார். மனிதவலு நிறுவனங்கள் ஊடாக வேலைக்கமர்த்தப்பட்டவர்கள் நிரந்தர நியமனம் கோரி வீதியில் இறங்கிய வரலாறு மின்சாரத்துறைக்குப் புதிதல்ல. கம்பனிகளின் எண்ணிக்கை அதிகரிக்கும்போது இந்தப் படிநிலைகளும் அதிகரிக்கக்கூடும் என்ற அச்சம் ஆதாரமற்றதெனக் கூற முடியாது.

இதன் விளைவு சட்டப் புத்தகத்தில் தெளிவாகத் தெரியும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் 3 சதவீதமும் செலுத்த வேண்டும். நாட்கூலிக்குப் பெயர்ப்பட்டியலின்றி வேலை செய்பவனுக்கு இதனைச் செலுத்துபவர் யார்? 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின் பயனைப் பெற, 15 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட தொழில்தருநர் ஒருவரிடம் ஐந்து ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு திட்டத்திற்கும் ஒவ்வோர் ஒப்பந்தகாரரிடம் வேலை செய்பவன் இருபது ஆண்டுகள் கம்பத்தில் ஏறினாலும் சட்டத்தின் கண்ணில் ஐந்து ஆண்டுகளைப் பூர்த்தி செய்யாதவனாகவே இருக்கலாம். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழான உச்சத் தொகை 2022இல் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் விபத்து நடந்த மறுநாள், “இவர் எமது ஆள் அல்லர்” என்று மூன்று தரப்பினரும் கைவிரித்தால் அந்தத் தொகை ஒரு விதவையின் கைக்கு வந்து சேர எத்தனை ஆண்டுகள் செல்லும்?

அடுத்தது வீதியில் கழியும் வாழ்க்கை. மின்கம்பித் தொழிலாளிக்குக் குறித்த வேலைத்தளம் இல்லை. கம்பி எங்கு செல்கின்றதோ அங்குதான் அவனது வேலை. வவுனியாவைச் சேர்ந்தவர் பதுளையிலும், சம்மாந்துறையைச் சேர்ந்தவர் புத்தளத்திலும் வாரக்கணக்கில் தங்க நேரிடும். தங்குமிடம் ஒரு பொதுமண்டபமாகவோ, தகரக் கொட்டிலாகவோ, லொறியின் பின்புறமாகவோ இருக்கலாம். சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் உரிய கொடுப்பனவு தனியாகத் தரப்படுமா, கூலியிலிருந்து கழிக்கப்படுமா என்பதை வேலைக்குச் செல்லுமுன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளும் இளைஞர்கள் குறைவு. கையில் வருவது பெரிய தொகையாகத் தோன்றினாலும், வீட்டில் ஒரு செலவு, வீதியில் ஒரு செலவு என்று இரண்டு குடித்தனம் நடத்திய பின்னர் எஞ்சுவதே உண்மையான சம்பளம். பொங்கலும் பெருநாளும் மழைக்காலமும் இத்தொழிலுக்கு விடுமுறை அல்ல. மழை பெய்யும் வேளையில்தான் அழைப்பு வரும்.

ஆபத்து பற்றியும் மறைக்காமல் கூற வேண்டும். மின்சாரத்தை நிறுத்துதல், கம்பியில் மின்னோட்டம் இல்லை என்பதைச் சோதித்தல், வேலை செய்யும் இடத்தின் இரு பக்கமும் நிலத்தொடுப்புச் செய்தல், அதன் பின்னரே கைவைத்தல் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. இந்த ஒழுங்கில் ஒரு படியைத் தாண்டுவது, பெரும்பாலும் “கெதியாக முடியுங்கள்” என்ற நெருக்குதலினாலேயே நிகழ்கின்றது. புயலுக்குப் பின்னர் இந்த நெருக்குதல் இரட்டிப்பாகின்றது. ஒரு வீட்டில் முறையற்ற விதத்தில் இணைக்கப்பட்ட ஜெனரேற்றரின் மின்சாரம் பின்னோக்கிச் சென்று, மின்மாற்றியின் மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்றாக உயர்ந்து, நிறுத்தப்பட்டதாக நம்பப்படும் கம்பியில் உயிர்பெற முடியும். வயல்களைப் பாதுகாக்கவெனச் சட்டவிரோதமாகக் கொழுவப்படும் மின்கம்பிகள் விவசாயிகளையும் யானைகளையும் மாத்திரமன்றி, இருளில் பழுது தேடிச் செல்லும் ஊழியனையும் கொல்லக்கூடியவை. இவ்விடயத்தில் பொறுப்பு நிறுவனங்களுக்கு மாத்திரம் உரியதல்ல. எமது வாசகர்களுக்கும் உண்டு.

இத்தகைய தொழிலுக்கு ஏனைய நாடுகள் எவ்வாறு ஆட்களைத் தயார்செய்கின்றன? அமெரிக்காவில் ஒருவர் முழுமையான லைன்மனாக ஏற்றுக்கொள்ளப்படுவதற்குப் பொதுவாக ஏறத்தாழ 7,000 மணித்தியாலங்கள், அதாவது மூன்றரை ஆண்டுகளுக்குக் குறையாத காலம், சம்பளத்துடன் பயிலுனராகப் பணியாற்ற வேண்டும். அங்கும் இது ஊர் ஊராக அலையும் தொழில்தான். சூறாவளி வீசினால் பல மாநிலங்களிலிருந்து குழுக்கள் பாதிக்கப்பட்ட மாநிலத்தை நோக்கி விரைகின்றன. ஆனால் அவர்களது தங்குமிடம், உணவு, மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகியவற்றின் செலவை யார் ஏற்பது என்பது நிறுவனங்களுக்கிடையிலான உடன்படிக்கைகளில் முற்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றது. எம்மிடம் அந்த நாட்டின் செல்வம் இல்லை. ஆனால் முற்கூட்டியே எழுதி வைப்பதற்குச் செல்வம் தேவையில்லை.

உள்நாட்டில் நம்பிக்கை இழப்பவர்களுக்கு வளைகுடா நாடுகள் எப்போதும் திறந்த கதவாகத் தெரிகின்றன. கிழக்கிலிருந்து செல்லும் முஸ்லிம் இளைஞர்களுக்கு இது பழகிய பாதை. அங்கு மின்கம்பி வேலைக்குத் தேவை உண்டு என்பதும் உண்மையே. ஆனால் சான்றிதழுடன் செல்பவனுக்கும் வெறுங்கையுடன் செல்பவனுக்கும் இடையில் கிடைக்கும் பதவியும் சம்பளமும் வேறு. ஐக்கிய அரபு இராச்சியமும் சவூதி அரேபியாவும் ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் வேளையில் திறந்தவெளி வேலையைத் தடைசெய்துள்ளன என்பதே அந்த வெயிலின் கொடுமைக்குச் சான்று. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல், ஒப்பந்தத்தின் பிரதியைக் கையில் வைத்திராமல் விமானம் ஏறுவது, நிலத்தொடுப்பின்றிக் கம்பியில் கைவைப்பதற்கு ஒப்பானது.

எனவே இளைஞர்களுக்கு நாம் கூறக்கூடியது இதுதான். உதவியாளராக ஓரிரு ஆண்டுகள் கழித்த அனுபவத்தை மாத்திரம் நம்பியிருக்க வேண்டாம். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கையில் இருந்தால் ஒப்பந்தகாரர் மாறினாலும் தேர்ச்சி உங்களுடன் வரும். தொழிற்பயிற்சி அதிகாரசபையும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையும் மின்சாரத் தொழில்களுக்கான பயிற்சிகளை நடத்துகின்றன. 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிலையத்திலும் மின்தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகின்றது. எந்த வேலையில் சேர்ந்தாலும் நியமனக் கடிதத்தையும் சேமலாப நிதி இலக்கத்தையும் முதல் மாதத்திலேயே கேட்டுப் பெறுங்கள்.

ஆனால் அறிவுரையின் பாரத்தை முழுவதும் இளைஞனின் தோளில் ஏற்றிவிட்டு அரசு விலகிவிட முடியாது. புதிய மின்விநியோகக் கட்டமைப்பு உருப்பெறும் இக்காலகட்டத்தில் மூன்று விடயங்கள் நிபந்தனைகளாக்கப்பட வேண்டும். ஒன்று, எத்தனை உப ஒப்பந்தகாரர்கள் இடையில் இருந்தாலும், கம்பத்தில் ஏறுபவனின் சேமலாப நிதிக்கும் விபத்து நட்டஈட்டுக்கும் அந்தக் கம்பத்தின் உரிமையாளரான நிறுவனமே இறுதிப் பொறுப்பாளி என்பது ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் எழுதப்பட வேண்டும். இரண்டு, தகைமைச் சான்றிதழும் பாதுகாப்புப் பட்டி, தலைக்கவசம், கையுறை, நிலத்தொடுப்புக் கருவி ஆகியனவும் இல்லாத எவரும் கம்பத்தில் ஏற்றப்படக் கூடாது. இதனைக் கண்காணிக்கும் பொறுப்பு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கப்பட வேண்டும். மூன்று, பயிற்சிக் கைந்நூலும் வேலை அனுமதிப் பத்திரமும் பாதுகாப்பு அறிவுறுத்தல்களும் சிங்களத்தில் இருப்பது போன்றே தமிழிலும் இருக்க வேண்டும். தமிழ் அரசகரும மொழியாக அரசியலமைப்பில் இடம்பெற்றிருக்கும் ஒரு நாட்டில் இது சலுகை கோருவதாகாது. அறிவுறுத்தலை அரைகுறையாக விளங்கிக்கொள்வது வேறு தொழில்களில் தாமதத்தை ஏற்படுத்தலாம். இத்தொழிலில் அது மரணத்தை ஏற்படுத்தும்.

அடுத்த சூறாவளி வருமா என்பது கேள்வியல்ல. எப்போது வரும் என்பதே கேள்வி. அன்று இரவு இருளில் கம்பத்தில் ஏறப்போகும் இளைஞன் இன்று ஏதோ ஓர் ஊரில் இத்தொழிலில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கின்றான். அவனது தொழில்தருநர் யார் என்பதற்கான பதிலை விபத்தின் பின்னர் நீதிமன்றத்தில் தேடுவதை விட, வேலைக்குச் சேரும் நாளில் கடிதத்தில் எழுதிக் கொடுப்பதே நீதியான நாட்டுக்கு அழகாகும்.