பறையின் வேகத்தை யார் முடிவு செய்வது?

பறை கற்க வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, இத எவ்வளவு ஸ்பீடா அடிக்கணும்?" நாட்டார் இசைக்கருவிகள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காகவும், கற்றுக்கொள்ளும் ஆசையாலும் பல பயிற்சிப் பட்டறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். பல இடங்களில் இந்தக் கேள்விக்குப் பதிலாகக் கிடைப்பது ஒரு காணொளி. "இதே மாதிரி அடிச்சுப் பழகுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் காணொளி பெரும்பாலும் மேடையில் எடுத்தது. கூட்டம் உடனே கைதட்ட வேண்டும் என்பதற்காக ஏற்றப்பட்ட வேகம் அதில் இருக்கிறது. அதுதான் பறையின் இயல்பான வேகம் என்று நம்பி ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டிருக்கிறது.

இது இசை நுணுக்கம் சார்ந்த சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஓர் அடியை எந்த வேகத்தில் அடிப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி, பறையைப் பொறுத்தவரை நேரடியாகச் சாதியோடு தொடர்புடையது.

பறை சேரியின் மீது கட்டாயத் தொழிலாகச் சுமத்தப்பட்ட காலத்தில், எப்போது தொடங்குவது, எங்கே நின்று அடிப்பது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் ஊர்தான் சொன்னது. இழவு வீட்டில் கை சோர்ந்தாலும் நிறுத்த முடியாது. "என்னடா, சத்தம் கேக்கல" என்ற அதட்டல் வந்தால் வேகத்தைக் கூட்டியாக வேண்டும். அதற்குக் கூலி என்று கொடுத்தது கொஞ்சம் தானியமும் சாராயமும். அந்த அவமானத்தை உதறத்தான் எத்தனையோ ஊர்களில் பறையைக் கீழே போட்டார்கள். அடிக்க மறுத்ததே போராட்டமாக இருந்தது. அதற்காக அடியும் ஊர்விலக்கும் வாங்கியவர்கள் நம் தாத்தாக்கள். பிறகு அதே கருவி விடுதலைக் கருவியாக மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள், ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த பறையைத் தோளில் மாட்டி ஆடினார்கள். 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இவ்வளவு தூரம் வந்த பிறகும் வேகத்தை முடிவு செய்யும் உரிமை கலைஞரிடம் வந்துவிட்டதா? ஒரு கல்லூரி விழாவில் எங்கள் குழு மேடையேறும் முன் ஒருங்கிணைப்பாளர் சொன்னது இது: "மூணு நிமிஷம்தான் இருக்கு சார், ஆரம்பத்துலேர்ந்தே மாஸா அடிச்சிருங்க." அவர் மரியாதையாகத்தான் சொன்னார், சம்பளமும் ஒழுங்காக வந்தது. ஆனாலும் ஆணை ஆணைதான். அன்று இழவு வீட்டுத் திண்ணையிலிருந்து வந்தது, இன்று நிகழ்ச்சி நிரலிலிருந்து வருகிறது.

சரியான வேகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிகளின் பெயர்களிலேயே பாதி விடை இருக்கிறது. சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மாரடிப்பு அடி, மருள் அடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றும் ஒரு வேலையின் பெயரைச் சுமக்கிறது. சப்பரத்தோடு போகும் அடிக்குச் சப்பரம் நகரும் வேகமே அளவு. தோளில் பாரத்தோடு நடப்பவர்களை முந்திக்கொண்டு ஓட முடியாது. அந்தப் பாரத்தை மனதில் கொண்டுவராமல் அந்த அடியைக் கற்றால் கைக்கணக்கு மட்டுமே மிஞ்சும்.

அடுத்த அளவு கால். பறை உட்கார்ந்து வாசிக்கும் கருவி அல்ல. தோளில் மாட்டி, உடம்போடு அணைத்து, ஆடிக்கொண்டே அடிப்பது. எனக்குக் கற்றுக்கொடுத்த ஆசான் வேகம் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் சொல்வார்: "கையக் கேக்காத தம்பி, காலக் கேளு." அடிவைப்பை முழுதாக வைத்து, முழங்காலை மடக்கி எழுந்து, அடுத்த அடிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ அதுதான் வேகம். கால் பாதியிலேயே வெட்டிக்கொண்டு திரும்பினால் வேகம் அதிகம். காற்றில் தொங்கிக்கொண்டு கைக்காகக் காத்திருந்தால் வேகம் போதவில்லை. அதனால் அவரிடம் முதலில் அடியின் சொற்களை வாயால் சொல்லிக்கொண்டே நடப்போம். அது தடுமாறாமல் வந்த பிறகுதான் குச்சியைத் தொட விடுவார்.

மூன்றாவது அளவு காது. வலக்கையில் இருக்கும் தடித்த அடிக்குச்சி அடியின் எலும்பு என்றால், இடக்கையில் இருக்கும் மூங்கில் சிம்புக்குச்சி அதன் சதை. வேகத்தை ஏற்ற ஏற்ற முதலில் காணாமல் போவது சிம்பின் மெல்லிய இடைத்தட்டுகள். வலக்கை மட்டும் இடித்துக்கொண்டிருக்கும். கேட்பவருக்கு ஆரவாரமாக இருக்கும், ஆனால் இரண்டு அடிகளுக்கு இடையே வித்தியாசம் தெரியாது. கற்பவர் எடுத்துக்கொள்ள வேண்டிய வேகம், இரண்டு குச்சியின் ஒலியும் தனித்தனியாகக் காதில் விழுகிற வேகம். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். சிம்பின் சத்தம் மங்கத் தொடங்கும் இடம் நம் அன்றைய எல்லை. குழுவாக அடிக்கும்போது, குழுவில் புதிதாகச் சேர்ந்தவரின் எல்லைதான் எல்லோருக்கும் எல்லை.

நான்காவதாக நெருப்பு. தோல் பறை அடிக்க அடிக்கத் தளரும், பனியிலும் மழையிலும் இன்னும் சீக்கிரமாக. தளர்ந்த தோலில் வேகமாக அடித்தால் ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து மறுபடி தொடங்க வேண்டும். அந்த இடைவெளி கைக்கும் ஓய்வு. இப்போது காய்ச்சத் தேவையில்லாத ஃபைபர் பறைகள் வந்துவிட்டன. வசதிதான், மழையிலும் அடிக்கலாம். ஆனால் கருவி ஓய்வு கேட்காததால், அடிப்பவருக்கும் ஓய்வு தேவையில்லை என்று ஏற்பாட்டாளர்கள் நினைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

"இதெல்லாம் எதற்கு, மெட்ரோனோம் செயலி இருக்கிறதே" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. மெல்ட்செல் 1815இல் காப்புரிமை பெற்ற அந்தக் கருவியை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. நிமிடத்துக்கு 60 என்று வைத்தால் நொடிக்கு ஒரு தட்டு. கை சீராக ஓடுகிறதா என்று தனியாகப் பழகும்போது பார்த்துக்கொள்ள அது உதவும். ஆனால் எந்த எண்ணில் வைப்பது என்று அது சொல்லாது. எழுத்தின் மாத்திரைக்குக் கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் தொல்காப்பியம் அளவாக வைத்தது. உடம்பைக் கொண்டு காலத்தை அளப்பது இந்த மொழியின் இலக்கணத்துக்கே பழக்கமான முறை. அதைப் பறைக்காரர் செய்யும்போது மட்டும் "கணக்கு தெரியாதவர்கள்" என்று சொல்வது அறியாமை அல்ல, சாதிப்புத்தி.

இனி நம் பக்கத்தில் பேச வேண்டிய ஒன்று. பறையை விடுதலை இசையாக முன்னிறுத்தும் ஆர்வத்தில் நம் பட்டறைகள் சில சாவு அடியைச் சொல்லித்தருவதில்லை. "அந்த இழிவு நமக்கு வேண்டாம்" என்கிறார்கள். கட்டாயத்தின் பேரில் அடுத்தவர் வீட்டுச் சாவுக்கு அடிப்பதை மறுப்பதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் சாவு அடி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சினிமா காட்டிய குத்து. ஒரு சாவு நாளில் பல வேகங்கள் உண்டு. உடல் கிடக்கும்போது ஒன்று. மாலையோடு வரும் சொந்தங்களைத் தெருமுனையில் எதிர்கொள்ளும்போது ஒன்று. பாடை கிளம்பும்போது வேறொன்று. அழுகிறவர்களின் மூச்சைக் கேட்டு அடியைத் தாழ்த்தவும் ஏற்றவும் தெரிந்தவர்கள் அதை உருவாக்கினார்கள். நம் வீட்டுச் சாவுகளிலும் அது ஒலித்திருக்கிறது. இழிவு அந்த அடியில் இல்லை, அதைச் சாதியின் பேரில் சுமத்தியவர்களிடம் இருந்தது. அதைக் கைவிட்டால், தாழ்ந்த காலத்தில் அடிக்கும் திறமையும் அதோடு போய்விடும்.

நாட்டார் இசை மாறக்கூடாதா என்று கேட்கலாம். தாராளமாக மாறலாம். மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு, மக்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிப் படைத்துக்கொள்ள முடிவதே நாட்டார் இசையின் பலம் என்று கருதியவர். அவர் சொன்ன மாற்றத்தில் முடிவு செய்பவர்கள் அதைப் பாடுகிற, அடிக்கிற மக்கள். மறியலுக்கு வேகம் வேண்டுமென்றால் ஏற்றுவோம், ஊர்வலம் நீளமானால் நடைக்கேற்ப இறக்குவோம். மேடைக்கு ஒதுக்கிய நிமிடங்களுக்காகவும் ரீல்ஸ் காணொளிக்காகவும் எல்லா அடிகளும் ஒரே வேகத்துக்கு வருவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆகவே பட்டறை நடத்தும் தோழர்களிடம் சில கோரிக்கைகள். காணொளியை அனுப்பும் முன் அந்த ஊரில் அடித்துவரும் மூத்த கலைஞர் ஒருவரை அழைத்து வாருங்கள்; அவருக்குப் பயிற்றுநர் சம்பளம் கொடுங்கள். ஒவ்வோர் அடிக்கும் அது எந்த வேலைக்கு உரியது, யாருடைய காலோடு போவது என்பதைச் சொல்லிக்கொடுங்கள். மேடைக்கு ஒப்புக்கொள்ளும்போது காய்ச்சும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். "ஸ்பீடா அடிங்க" என்று யாராவது சொன்னால், "இந்த அடிக்கு இதுதான் வேகம்" என்று பதில் சொல்லக் கற்றுக்கொடுங்கள். முந்தைய தலைமுறை அந்தப் பதிலைச் சொல்ல முடியாமல்தான் பறையைக் கீழே போட்டது. நாம் பறையைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் சொல்லலாம்.