வலிக்காத வியாதியும் வீட்டில் இல்லாத தொழிலாளியும்

பல்வலி வந்தால் மனிதன் இரவெல்லாம் உறங்காமல் கிடந்து, பொழுது விடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கிறான். ரத்தக் கொதிப்பும் சர்க்கரை வியாதியும் அப்படிப்பட்டவை அல்ல. அவை வலிப்பதில்லை. பல ஆண்டுகள் உடம்புக்குள் சத்தமின்றிக் குடியிருந்துவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ, சிறுநீரகக் கோளாறாகவோ, ஆறாத கால் புண்ணாகவோ வெளிப்படுகின்றன. அன்றைக்குக் கையிலிருக்கும் சேமிப்பு மட்டுமா போகிறது? ஊரில் வாங்கிப் போட்ட காணி நிலமும், மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த நகையும் சேர்ந்தே போகின்றன.

பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த தமிழனுக்கு உடம்புதான் முதல். அந்த முதலைக் காப்பாற்ற மத்திய அரசு ஒரு திட்டமே நடத்துகிறது. ஆனால், அந்தத் திட்டம் தேடிவரும் நேரத்தில் அவன் வீட்டில் இருப்பதில்லை. கோளாறு இங்கேதான் இருக்கிறது.

கணக்கு சொல்வது என்ன?

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023 ஜூன் மாதம் வெளியாயின. அதன்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. மேலும் 13.6 கோடிப் பேர் அந்த வியாதியின் வாசலில் நிற்கிறார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 31.5 கோடிப் பேர்.

மும்பையின் நிலைமையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மாநகராட்சிக்காக 2021ல் நடந்த கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. 'அது பணக்காரர் வியாதி. மூட்டை தூக்குகிறவனை அண்டாது' என்ற பேச்சு பழங்கதை ஆகிவிட்டது.

அரசு சும்மா இருக்கவில்லை

புற்றுநோய், சர்க்கரை வியாதி, இருதய நோய், பக்கவாதம் ஆகியவற்றைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2010ல் 100 மாவட்டங்களில் தொடங்கியது. பிறகு நாடு முழுவதும் பரவி, 2023ல் தொற்றா நோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டம் என்று பெயர் மாறியது. 30 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் இலவசப் பரிசோதனை என்பது இதன் முக்கிய ஏற்பாடு. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, வாய்ப் புற்றுநோய், பெண்களுக்கு மார்பகம் மற்றும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆகிய ஐந்தையும் பார்க்கவேண்டும்.

'ஆஷா' எனப்படும் சுகாதாரப் பணிப்பெண் ஒரு படிவத்துடன் வீட்டுக்கு வருவார். வயது என்ன, பீடி, புகையிலை உண்டா, மதுப் பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இந்த வியாதிகள் உண்டா என்று கேட்பார். டேப்பை வைத்து இடுப்பை அளப்பார். ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் மதிப்பெண் ஏறும். மொத்த மதிப்பெண் நான்கைத் தாண்டியவர்கள் முதலில் பரிசோதனைக்கு வரவேண்டும்.

மகாராஷ்டிரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2017ல் தொடங்கிய ரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் முதலில் சேர்ந்த ஐந்து மாநிலங்களில் அதுவும் ஒன்று. எந்த மாத்திரை, எத்தனை, எப்போது கூட்டுவது என்பதை எளிய ஒரே முறையாக வகுத்து, சாதாரண சுகாதார நிலையத்திலேயே கொடுக்க வழி செய்த திட்டம் அது. நல்ல ஏற்பாடுகள்தான், குறை சொல்வதற்கில்லை.

ஓட்டை எங்கே?

பணிப்பெண் வீட்டுக்கு வருவது பகலில். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் குடியிருக்கும் தொழிலாளி காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் திரும்புவது இரவு ஒன்பதுக்கு. கல்யாண், டோம்பிவிலியிலிருந்து கோட்டைப் பகுதிக்கு வரும் குமாஸ்தாவுக்கு லோக்கல் ரயிலிலேயே மூன்று மணி நேரம் கழிகிறது. இட்லிக் கூடையைத் தலையில் சுமந்து விற்கிறவர் விடியுமுன் தெருவில் இருக்கிறார். அந்த இட்லிக்கு மாவரைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு உட்கார்ந்து பதில் சொல்ல நேரமில்லை. ஒரே அறையில் ஆறு பேரும் எட்டுப் பேருமாகத் தங்கியிருக்கும் வாலிபர்களின் கதவில் பகலெல்லாம் பூட்டுதான் தொங்குகிறது. பூட்டுக்கு ரத்தக் கொதிப்பு பார்க்க முடியுமா?

இரண்டாவது ஓட்டை, ஊர்ப் பயணம். பொங்கலுக்கோ, கோயில் கொடைக்கோ, கல்யாணத்துக்கோ ஊருக்குப் போகிறவர் ஒரு மாதம் தங்கிவிடுகிறார். இங்கே வாங்கிய மாத்திரை பத்தாம் நாள் தீர்ந்துபோகிறது. அங்கே, 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்துப் பெயர் வாங்கியது. ஆனால், கொடுப்பது பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு. மும்பையிலிருந்து விருந்தாளியாக வந்தவரின் பெயர் அதில் இருக்காது. இங்கே பேர் இருந்தும் ஆள் இல்லை. அங்கே ஆள் இருந்தும் பேர் இல்லை. மாத்திரை நின்றால் கொதிப்பு மறுபடி ஏறும். இப்படி விட்டு விட்டுச் சாப்பிடுகிறவர், வியாதி இருப்பது தெரிந்தும் பக்கவாதத்தை வரவேற்கிறவர் ஆகிறார்.

செய்யவேண்டியது என்ன?

முதலாவது, பரிசோதனை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடக்கவேண்டும். இது ஆகாத காரியமல்ல. மும்பை மாநகராட்சி 2022 நவம்பரில் 'ஆப்லா தவாகானா' என்ற சிறு மருந்தகங்களைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களை நினைத்து மாலை வேளையையும் சேர்த்தே நேரம் வகுத்தது. தேசியப் பரிசோதனையும் அதே நேரத்துக்கு வரட்டும்.

இரண்டாவது, ஆள் இருக்கும் இடத்துக்குப் பரிசோதனை போகட்டும். தமிழ்நாடு 2024ல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று தொழிற்சாலை வாசலுக்கே போனது. இங்கே தோல் பட்டறையும், தையல் கூடமும், கட்டட வேலை நடக்கும் இடமும், மார்க்கெட்டும் அதேபோல் எட்டிவிடும் தூரத்தில்தான் இருக்கின்றன.

மூன்றாவது, வயது. 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றிய மத்திய அரசு அறிவிப்பு, 40 வயதைத் தாண்டிய தொழிலாளருக்கு முதலாளி ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனை செய்துதரவேண்டும் என்கிறது. வரவேற்கவேண்டியதுதான். ஆனால், சுகாதாரத் துறை 30 என்கிறது. தொழிலாளர் துறை 40 என்கிறது. இடையிலுள்ள பத்து ஆண்டுகளில்தான் வலிக்காத வியாதி வேர் பிடிக்கிறது. இரண்டு துறைகளும் ஒரே வயதைச் சொல்லவேண்டும்.

நான்காவது, ஊருக்குப் போகிறவருக்கு இரண்டு மாத மாத்திரை சேர்த்துக் கொடுக்கவேண்டும். 14 இலக்கச் சுகாதார எண் என்று ஒன்றை மத்திய அரசு வழங்குகிறது. மும்பையில் எழுதிய சீட்டைத் திருநெல்வேலியில் பார்த்து மாத்திரை கொடுக்க அந்த எண் உதவவேண்டும். அதற்கு உதவாவிட்டால் எண்ணுக்கு என்ன மதிப்பு?

பயம் நியாயமானதே

சிலர் பரிசோதனைக்கு வர மறுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 'வியாதி என்று சீட்டு எழுதிவிட்டால் வேலை போய்விடுமே' என்ற பயம் அது. டிரைவருக்கும், வாட்ச்மேனுக்கும், கிரேன் ஓட்டுகிறவருக்கும் இந்தப் பயம் அதிகம். இதை அறியாமை என்று ஒதுக்கக்கூடாது. பரிசோதனை முடிவை முதலாளி கையில் கொடுக்காமல் தொழிலாளி கையில் கொடுக்கவேண்டும். வியாதியைக் காட்டி ஆளை நிறுத்தக்கூடாது என்று சட்டம் பேசவேண்டும். ரயில் எஞ்சின் டிரைவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனை கட்டாயம். ஆயிரம் பயணிகளின் உயிர் அவர் கையில் இருப்பதால் அந்த ஏற்பாடு. ஒரு குடும்பத்தை இழுத்துச் செல்கிறவனின் உடம்பையும் யாராவது பார்க்கவேண்டாமா?

'ஒருமுறை மாத்திரை தொடங்கினால் விடமுடியாது' என்பது இன்னொரு பயம். கண்ணாடி போட்டவர் அதைக் கழற்றினால் எழுத்து மங்குகிறது. அதற்காகக் கண்ணாடியைக் குறை சொல்வார் உண்டா?

தொழிலாளியின் பங்கு

எல்லாப் பழியையும் அரசின்மேல் போட்டுவிட்டுத் தமிழன் தப்பிக்க முடியாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடாபாவ் என்று போனால் அந்த அளவு மதியத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். ஆறு கிளாஸ் டீயில் சேரும் சர்க்கரையை யாரும் எண்ணுவதில்லை. கன்னத்தில் அடக்கும் புகையிலை வாய்ப் புற்றுநோய்க்கு நேர் வழி.

'தினமும் நடை போடு' என்ற உபதேசம் மூட்டை தூக்குகிறவருக்குத் தேவையில்லை. அவருக்கு ஓய்வும் உறக்கமும் தேவை. எட்டு மணி நேரம் நாற்காலியில் இருக்கும் குமாஸ்தாவுக்குத்தான் வாரத்துக்கு 150 நிமிட நடை வேண்டும். இரண்டு ஸ்டாப் முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கினாலே பாதிக் கணக்கு தீரும்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு விழா நடக்கிறது. மேடை, மைக், மாலை, பொன்னாடை என்று பணம் செலவாகிறது. பொன்னாடைச் செலவில் பாதி இருந்தால் ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவி வாங்கலாம். வார்டு சுகாதார அதிகாரிக்கு ஒரு மனு எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசோதனைக்கு ஆளையும் மருந்தையும் கேட்கலாம். தமிழும் மராத்தியும் தெரிந்த இரண்டு இளைஞர்களை மேஜை அருகில் உட்காரவைக்கலாம்.

30 வயது கடந்தவர் இந்த மாதச் சம்பளம் வாங்கும் முன் ஒருமுறை கையை நீட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். 140/90 என்ற எல்லையை எட்டினால் இன்னொரு நாளும் பார்க்கட்டும். மறுபடி அப்படியே இருந்தால் மாத்திரையைத் தொடங்கட்டும். ஊருக்குப் பெட்டி கட்டும்போது வேட்டி சட்டையோடு மாத்திரையும் சீட்டும் போகட்டும். மாதாமாதம் மணியார்டர் அனுப்பிய காலம் மாறி, இன்று பணம் போனிலேயே போகிறது. எதில் போனாலும், அனுப்புகிறவன் நலமாக இருந்தால்தான் ஊரில் அடுப்பு எரியும்.