குழந்தைப் படிப்பும் "சும்மா" விளையாட்டும்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் காலை எட்டு மணிக்கு நின்று பார்க்கின்றவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். மூன்று வயது நிரம்பியும் நிரம்பாததுமான குழந்தைகள், கழுத்தில் டையும் முதுகில் தங்கள் உயரத்தில் பாதியிருக்கும் பையுமாக, அழுதுகொண்டே வேனில் ஏற்றப்படுகின்றார்கள். ஏற்றிவிடுகின்றவர்களில் கரும்பு வெட்டுகின்றவரும் உண்டு. அரிசி ஆலையில் மூட்டை தூக்குகின்றவரும் உண்டு. வட்டிக்கு வாங்கியாவது பீஸ் கட்டுகின்றார்கள். எதற்கு என்று கேட்டால், "ஒன்றாம் வகுப்புக்குப் போகுமுன் நாலு எழுத்து எழுதத் தெரிய வேண்டாமா?" என்கின்றார்கள். பக்கத்திலேயே அங்கன்வாடி இருக்கின்றதே என்றால், "அங்கே முட்டை போடுவார்கள், சும்மா விளையாட விடுவார்கள்" என்று பதில் வருகின்றது.

இந்தச் "சும்மா" என்கின்ற சொல்லைப் பற்றியே இன்று சிறிது எழுதலாம் என்று எண்ணுகின்றோம்.

ஒரு குழந்தை பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டு போகின்றது. ஒரு குழிக்கு ஒரு கொட்டை என்கின்ற பொருத்தம் அதன் கையில் படிகின்றது. எண் என்பது அதுதானே ஒழிய வேறல்ல. நூறு வரைக்கும் ஒப்பிக்கின்ற குழந்தையிடம் ஐந்து கொட்டை எடுத்துக் கொடு என்றால் கை நிறைய அள்ளிக் கொடுப்பதைப் பார்க்காத உபாத்தியாயர் இருக்க முடியாது. களிமண்ணைப் பிசைகின்ற விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்க வேண்டிய விரல். கல்லை இட்லி என்று வைத்துக் கடை போடுகின்ற குழந்தை, ஒரு பொருளை இன்னொன்றுக்கு அடையாளமாக வைக்கப் பழகுகின்றது. "அ" என்கின்ற கோடு ஒரு சத்தத்துக்கு அடையாளம் என்பது பின்னால் விளங்குவதற்கு இந்தப் பழக்கமே அஸ்திவாரம். ரஷியாவில் வைகாட்ஸ்கி என்கின்ற அறிஞர் 1930களிலேயே இதை எடுத்துச் சொல்லியிருக்கின்றார். பின்லாந்து தேசத்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூட வகுப்பு ஆரம்பம். அந்த ஜனங்கள் படிப்பில் நம்மைவிட மட்டமானவர்களென்று யாராவது சொல்லத் துணிவார்களா?

ஆனால் நம் நாட்டிலோ படிப்பு என்றால் முதலில் எழுத்து. அதுவும் விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் அழுகின்ற குழந்தையின் விரலைப் பிடித்து இழுப்பதில் ஆரம்பிக்க வேண்டியது. அன்றைக்குப் பள்ளிக்கூடங்களைத் திறந்து வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும்படி சர்க்காரே உத்தரவிட்ட வருஷங்களும் உண்டு. நாள் பார்த்து எழுதின எழுத்து நன்றாய் வருமானால், இத்தனை நூற்றாண்டாக நாள் பார்த்துக்கொண்டிருந்த தேசத்தில் கைநாட்டுக்காரர்கள் இவ்வளவு பேர் எப்படி இருந்தார்கள்? புரோகிதரின் அரிசித் தட்டுக்கும் நர்சரிக்காரரின் கோடு போட்ட நோட்டுக்கும் நாம் அதிக வித்தியாசம் காணவில்லை. இரண்டும் குழந்தையின் புத்தியைத் தொடாமல் விரலை மாத்திரம் பிடித்து இழுக்கின்றவை.

நிற்க. விளையாட்டின் மூலமாகக் கல்வி என்பது பணக்காரர் வீட்டுச் செல்லப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட சங்கதி என்று சிலர் நினைக்கின்றார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. ஜெர்மனியில் பிரெடெரிக் ஃபுரோபல் 1837இல் இதை ஆரம்பித்து, 1840இல் "கிண்டர்கார்ட்டன்", அதாவது குழந்தைகள் தோட்டம், என்று பெயர் வைத்தார். பந்து, மர உருண்டை, கனசதுரம், உருளை ஆகியவைதான் அவருடைய பாடப் புஸ்தகம். 1851இல் பிரஷ்ய சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? இவை நாஸ்திகத்தையும் சமதர்மத்தையும் பரப்புகின்றன என்று சொல்லித் தடை போட்டது! மனிதர் உண்மையில் பெரிய பக்திமான். அவருடைய அண்ணன் மகனின் பேரோடு குழப்பிக்கொண்டு போட்ட தடை என்கின்றார்கள். 1860இல்தான் அது நீங்கியது. அதற்குள் அவர் காலமாகிவிட்டார். குழந்தை தன்னிஷ்டப்படி தொட்டுப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தால் அதிகாரிகளுக்கு ஏன் பயம் வருகின்றது என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் முதல் குழந்தைகள் வீட்டைத் திறந்தது ரோமாபுரியின் சான் லொரென்சோ என்கின்ற ஏழைத் தொழிலாளிகள் குடியிருப்பில். அந்த அம்மையார் 1939இல் நம் சென்னைக்கே வந்து உபாத்தியாயர்களுக்குப் போதித்தார். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு ஏழைக் குழந்தை வாசற்படி மிதிக்க முடியாதபடி பீஸ் வாங்குகின்றார்கள்!

மராட்டிய நாட்டில் தாராபாய் மோடக் என்கின்ற அம்மையார் 1945இல் போர்டி கிராமத்திலும், 1957 முதல் கோஸ்பாட் குன்றிலும் அனுதாய் வாக் என்கின்ற அம்மையாரோடு சேர்ந்து வேலை செய்தார். மலைஜாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. வராவிட்டால் என்ன, பள்ளி அவர்களிடம் போகட்டும் என்று அவர்கள் குடிசை முற்றத்திலேயே கூழாங்கல்லையும் இலையையும் விதையையும் வைத்து ஆரம்பித்தார். மாடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடந்தது. முற்றத்துக்கு அந்த நாட்டில் "அங்கன்" என்று பெயர். ஆகவே அங்கன்வாடி என்கின்ற சொல்லுக்குள் முட்டையும் பருப்பும் மாத்திரம் இல்லை; மலைவாசிகளின் முற்றம் இருக்கின்றது.

இனி நம் மலைக்கு வருவோம். இந்தியாவில் 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் ஆரம்பமான நாள் 1975 அக்டோபர் 2. அன்றைக்குக் கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சுதந்திரம் வந்து 29 வருஷம் கழித்து, 1976இல்தான் சர்க்கார் அதை ஏற்றது. வெள்ளிமலையைச் சுற்றித் தூரந்தூரமாகச் சிதறிக் கிடக்கின்ற குக்கிராமங்களில், தாய் தகப்பன் எழுத்தே பார்த்திராத வீட்டிலிருந்து, ஐந்து வயதில் நேரே ஒன்றாம் வகுப்புப் பெஞ்சியில் உட்காருகின்ற பிள்ளையின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். படித்தவன் வீட்டுப் பிள்ளைக்குப் படப் புஸ்தகமும் கதையும் கேள்விக்குப் பதிலும் வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றன. மலைப்பிள்ளைக்கு அவற்றைக் கொடுக்க அங்கன்வாடியை விட்டால் வேறு நாதியில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாதென்பதல்ல. சாமையையும் தினையையும் பிரித்துச் சொல்லும், கடுக்காயைக் காட்டினால் எந்த மரமென்று சொல்லும். அந்த அறிவிலிருந்து ஆரம்பிக்காமல் "ஏ பார் ஆப்பிள்" என்று ஆரம்பித்தால், முதல் நாளே தான் மக்கு என்று அது தீர்மானித்துக்கொள்கின்றது. பிறகு வகுப்பை விட்டுப் போனால் "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்று பழியும் அதன் தலையிலேயே விழுகின்றது. நாம் இங்கிலீஷ் வேண்டாமென்று சொல்லுகின்றவர்களல்ல. மூன்று வயதில் அர்த்தம் தெரியாமல் ஒப்பிப்பது இங்கிலீஷும் அல்ல, தமிழும் அல்ல, மந்திரம்!

பலனுக்கு ருஜு வேண்டுமென்று கேட்பது நியாயமே. அமெரிக்காவில் இப்சிலாண்டி என்கின்ற ஊரில் 1962இல் ஏழை நீக்ரோ குழந்தைகள் 123 பேரை எடுத்து, 58 பேருக்கு மாத்திரம் தாங்களே திட்டம் போட்டு விளையாடிக் கற்கும் பள்ளி வைத்து, 40 வயது வரைக்கும் கவனித்து வந்தார்கள். புத்திப் பரீட்சையில் முதலில் கிடைத்த லாபம் சில வருஷங்களில் மறைந்துவிட்டது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 58 பேரில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம், சம்பாத்தியம் அதிகம், போலீசில் பிடிபட்டது குறைவு. மார்க்கு மாத்திரம் பார்க்கின்ற தகப்பனார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அங்கன்வாடி இன்று இருக்கின்றபடியே போதுமென்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு ஊழியர், ஒரு உதவியாளர். அந்த ஊழியர்தான் எடை போட வேண்டும், கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்க வேண்டும், தடுப்பூசிக்கு ஆள் கூட்ட வேண்டும், இவ்வளவையும் கைபேசியில் ஏற்ற வேண்டும். மீதியுள்ள நேரத்தில் பாடமும் நடத்த வேண்டுமாம். அவருக்குக் கொடுப்பதற்குப் பெயர் சம்பளமும் அல்ல, மதிப்பூதியம். "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்று பாடத்திட்டம் அச்சடித்துக் கொடுத்தாய்விட்டது. ஆட வைக்க ஆளுக்கு நேரம் எங்கே? 2019இல் தமிழ்நாட்டு சர்க்கார் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தது 2,381 மையங்களில். மொத்த மையங்களோ 54,439. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மலைக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

மற்றொரு விஷயம். சகல ஜாதிக் குழந்தைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே பானைச் சோற்றைத் தின்று, ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சுற்றி வருகின்ற இடம் கிராமத்தில் இதைத் தவிர வேறு எது? சமைக்கின்ற அம்மாளின் ஜாதியைக் கேட்டுப் பிள்ளையை நிறுத்திக்கொள்கின்றவர்கள் இன்றும் இருக்கின்றார்கள் என்பதிலிருந்தே அந்தப் பாயின் பெருமை விளங்கும்.

செலவு அதிகமாகுமே என்பார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கின்றது. சாமி உருவங்களாகச் செதுக்கித் தள்ளுகின்ற அதே உளிக்கு ஓர் உருண்டையும் கனசதுரமும் உருளையும் செதுக்க எவ்வளவு நேரமாகும்? மீந்துபோகின்ற துண்டு மரமே போதும். ஜில்லா அதிகாரிகள் மையத்துக்கு ஒரு பெட்டி என்று உத்தரவு கொடுத்தால் தச்சருக்கும் வேலை கிடைக்கும்.

அக்டோபர் 2 கிராம சபை கூடுகின்ற நாள். அங்கன்வாடித் திட்டத்தின் பிறந்த நாளும் அதுதான். நமது தோழர்கள் அன்று எழுந்து நின்று கேட்கட்டும்: நம் ஊர் மையத்தில் விளையாட்டுச் சாமான் எத்தனை இருக்கின்றது, அது பீரோவில் பூட்டிக் கிடக்கின்றதா, பிள்ளைகள் கையில் இருக்கின்றதா?