தீர்மானமும் போராட்டமும்

1960 டிசம்பர் 14 அன்று, காலனி ஆட்சிக்கு முடிவு கட்டக் கோரும் பிரகடனத்தை ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றியது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 43 கொண்டுவந்த தீர்மானம் அது. ஆதரவு 89 ஓட்டு. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 9 நாடுகள் மட்டும் நடுநிலை வகித்தன. யார் அந்த உத்தமர்கள்? அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், போர்ச்சுகல், தென்னாப்பிரிக்கா வகையறாக்கள்! எதிர்க்கத் துணிவில்லை, ஆதரிக்க மனமில்லை.

ஏன் மனமில்லை? அங்கோலாவைப் பாருங்கள். போர்ச்சுகீசிய ஆட்சி அங்கே குடியானவர்களைக் கட்டாயப்படுத்திப் பருத்தி விதைக்க வைத்தது. விளைந்ததைக் கம்பெனிக்கே, குறித்த அடிமாட்டு விலைக்கே போடவேண்டும். பஞ்சு போர்ச்சுகல் மில் முதலாளிகளுக்கு, பட்டினி விதைத்தவனுக்கு. பஞ்சாலையில் உழைப்பவருக்கும் கழனியில் கூலிக்குக் குனிபவருக்கும் இதை நாம் விளக்க வேண்டுமா?

1961 ஜனவரியில் கசாஞ்சே வட்டார மக்கள் விதைக்க மறுத்தார்கள். பருத்தி விதையைக் கொளுத்தினார்கள். பதிலாக விமானங்கள் குண்டு பொழிந்தன. "இவை காலனிகள் அல்ல, எங்கள் மாகாணங்கள்" என்று சாதித்தது போர்ச்சுகல். 1961 டிசம்பரில் விடுதலையாகும் வரை நம் கோவாவுக்கும் இதே கதைதான் சொன்னார்கள்!

தீர்மானம் மட்டும் விலங்கை உடைக்கவில்லை. அங்கோலா, மொசாம்பிக், கினி-பிஸ்ஸாவ் மக்கள் ஆயுதம் ஏந்தினார்கள். யுத்தத்தில் சலித்த ராணுவத்தினரே 1974 ஏப்ரலில் லிஸ்பன் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். 1975 நவம்பர் 11-ல் அங்கோலா சுதந்திரம் பெற்றது. ஆயினும் தீர்மானம் வெறும் காகிதமல்ல. நியாயம் போராடுபவன் பக்கமே என்று உலகம் குத்திய முத்திரை அது.

கணக்கு இன்னும் தீரவில்லை. மேற்கு சஹாரா 1963 முதல் ஐ.நா.வின் காலனிப் பட்டியலில் நிற்கிறது. பெரும்பகுதி மொராக்கோவின் பிடியில். அதன் மக்களுக்கு 1991-ல் உறுதியளித்த பொது வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. அந்த ஓட்டுரிமையை அவர்களுக்குக் கொடு என்று நாமும் குரல் எழுப்புவோம்!